முதலில் நிறுத்தம், பிறகு வீடு

வெளிநாட்டில் வேலை கிடைத்துக் குடியேறியவரிடம் ஊரிலிருந்து கேட்கப்படும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. குளிர் எப்படி? சாப்பாட்டுக்கு என்ன வழி? கார் வாங்கியாயிற்றா? மூன்றாவது கேள்விக்கு ஓராண்டு கழிந்த பின்னும் 'இல்லை' என்று பதில் சொன்னால், வாங்கும் சம்பளத்தின் மீதே ஐயம் எழுந்துவிடுகிறது. கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஏழு ஆண்டுகளாகக் காரின்றி வாழும் எனக்கு இந்த ஐயம் பழகிவிட்டது. பிஎம்டபிள்யூ, போர்ஷே ஆகிய இரு நிறுவனங்களும் இதே நகரில் தொழிற்சாலை நடத்துகின்றன என்று சொன்னால் ஐயம் இன்னும் வலுக்கிறது.

காரில்லாமல் இருப்பதைத் தியாகமாகவோ சுற்றுச்சூழல் நோன்பாகவோ நான் கருதவில்லை. அது மன உறுதியைச் சார்ந்ததும் அல்ல. எந்த இடத்தில் வீடு எடுக்கிறோம் என்ற முதல் முடிவிலேயே முக்கால் பங்கு தீர்மானமாகிவிடும் விஷயம் அது. ஆனால், வெளிநாடு செல்லும் நம்மவர்களில் பலர் அந்த முடிவை வாடகைத் தொகையை மட்டும் பார்த்து எடுக்கிறார்கள். அதன் விலையைப் பிறகு மாதத் தவணையாகச் செலுத்துகிறார்கள். பணத்தைவிடப் பெரிய விலையை வீட்டிலிருக்கும் மனைவியும் வந்து தங்கும் பெற்றோரும் செலுத்துகிறார்கள் என்பதால்தான் இதை எழுதத் தோன்றியது.

இந்தக் கணக்கு எனக்கு ஓரளவு எளிதாகப் புரிந்ததற்குக் காரணம், நான் பிறந்து வளர்ந்த நெய்வேலி. பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது. சுரங்கப் பணியை 1957 மே மாதம் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணில் பட்டது. மறு ஆண்டு மின்சாரம் வந்தது. சுரங்கத்துக்கும் அனல் மின் நிலையத்துக்கும் ஆள் வேண்டும். ஆள் வந்தால் வீடு வேண்டும். அப்படி வரைபடத்தில் கோடு போட்டு எழுப்பப்பட்டதுதான் நெய்வேலி நகரியம். நேரான சாலைகள், இருபுறமும் மரங்கள், பெயருக்குப் பதிலாக எண் தாங்கிய வட்டங்கள். 'எந்த பிளாக்?' என்ற கேள்விதான் எங்கள் ஊரில் 'எந்த ஊர்?' என்பதற்கு இணை.

நகரியத்தைக் கட்டியவர்கள் தொழிலாளியிடம் கார் இருக்கும் என்று எண்ணவில்லை. அந்நாளில் யாரும் எண்ணியிருக்க முடியாது. ஆகவே பள்ளி, கடை, விளையாட்டுத் திடல் ஆகியவை நடக்கும் தூரத்தில் வந்தன. சுரங்கத்தில் ஷிப்ட் வேலை பார்த்த அப்பாவை நிறுவனப் பேருந்து ஏற்றிச் சென்றது. ஆசிரியையான அம்மா பள்ளிக்கு நடந்தே போனார். ஆறாம் வகுப்பிலிருந்து நான் சைக்கிளில் போகாத இடம் ஊருக்குள் இல்லை. பங்குனி உத்திரத்துக்கு வில்லுடையான்பட்டு முருகன் கோயிலுக்கு மொத்தக் குடும்பமும் நடந்து போவோம். எங்கள் வீட்டில் மோட்டார் வாகனம் என்று எதுவும் இருந்ததில்லை. அது ஒரு குறையாகத் தோன்றியதும் இல்லை.

இதை ஒரு பொற்காலச் சித்திரமாக வரைந்துவிடக் கூடாது. நகரியத்தின் வசதி நகரியத்துக்குள் இருந்தவர்களுக்கே. அந்த நிலம் பல கிராமங்களிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதையும், சுரங்கம் விரியும்போதெல்லாம் இன்றும் அந்தக் கேள்வி எழுகிறது என்பதையும் கடலூர் மாவட்டத்தில் எவரும் மறந்துவிடவில்லை. லைப்சிக்கின் தெற்கிலும் இதே கதை நடந்திருக்கிறது. ஹாயர்ஸ்டார்ஃப் என்ற கிராமத்தைப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் விழுங்கியபோது, அதன் பழைய கல் தேவாலயத்தை மட்டும் 2007இல் அப்படியே பெயர்த்து, பெரிய வாகனத்தில் ஏற்றி, 12 கிலோமீட்டர் தள்ளியிருந்த போர்னா நகரில் கொண்டுபோய் வைத்தார்கள். ஊர் போயிற்று; கோயில் மிஞ்சியது.

பழுப்பு நிலக்கரிக்கும் லைப்சிக்கில் நான் காரின்றி வாழ்வதற்கும் உள்ள தொடர்பு சற்று வியப்பானது. சென்னையில் மின்சார டிராம் 1895இல் ஓடத் தொடங்கியது. லைப்சிக்கில் அது 1896இல் வந்தது; நமக்கு ஓராண்டு பின்னால். சென்னை தன் டிராமை 1953இல் நிறுத்திவிட்டது. மேற்கு ஜெர்மனியிலும் பல நகரங்கள் காருக்கு இடம் வேண்டித் தண்டவாளங்களைப் பெயர்த்தன. மேற்கு பெர்லின் 1967இல், ஹாம்பர்க் 1978இல் டிராமைக் கைவிட்டன. கிழக்கு ஜெர்மனியில் டிராம்கள் பெருமளவு தப்பிப் பிழைத்தன. அங்கே கார் வாங்கப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எண்ணெயோ இறக்குமதிச் சரக்கு. மின்சாரம் மட்டும் காலடியிலேயே இருந்தது, பழுப்பு நிலக்கரியாக. பற்றாக்குறையால் பிழைத்த அந்தத் தண்டவாளங்கள் இன்று இந்நகரின் பெரும் சொத்து. ஏறத்தாழ 6 லட்சம் மக்கள் வாழும் ஊரில், முக்கியத் தடங்களில் பகல் வேளைகளில் பத்து நிமிடத்துக்கொரு வண்டி வருகிறது.

இனி, புதிதாக வருபவர் செய்ய வேண்டியது என்ன என்பதற்கு வருகிறேன்.

ஜெர்மனியில் வாடகை வீடு எளிதில் கிடைப்பதில்லை. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியை நகர அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் தரும் சான்று தேவை. வரி எண் முதலான பலவும் அந்தப் பதிவைத் தொடர்ந்தே வருகின்றன. ஆகவே 'கிடைத்த வீட்டைப் பிடித்துக்கொள்' என்ற பதற்றம் எல்லோருக்கும் வரும். அந்தப் பதற்றத்திலும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, வீட்டுக்கு அருகிலுள்ள நிறுத்தத்துக்கு நடந்து போய், அங்கே ஒட்டியிருக்கும் கால அட்டவணையைப் படிக்க வேண்டும். அதில் மூன்று பத்திகள் இருக்கும்: வேலை நாள்கள், சனிக்கிழமை, ஞாயிறும் விடுமுறை நாள்களும். பெரும்பாலோர் முதல் பத்தியைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது மூன்றாவது பத்தி. ஞாயிறு மாலை ஏழு மணிக்கு மேல் எத்தனை வண்டிகள் என்று எண்ணுங்கள். வேலை நாளில் வண்டி விடாத நிர்வாகம் இல்லை. ஞாயிறு இரவிலும் விடும் இடத்தில்தான் காரின்றி வாழ முடியும்.

என்னோடு பணிபுரியும் ஒருவர், நகரிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு சிற்றூரில் வீடு எடுத்தார். வாடகை குறைவு, தோட்டம் உண்டு, காற்று தூய்மை. பேருந்து பள்ளி நேரத்தை ஒட்டி ஓடுகிறது. வார இறுதியில் அரிதாக வருகிறது. ஆறு மாதத்தில் ஒரு கார் வாங்கினார். அதை அவர் அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றுவிடுவதால் மனைவிக்கு இரண்டாவது கார். காப்பீடு, வரி, இரண்டாண்டுக்கொரு கட்டாயத் தகுதிச் சோதனை, குளிர்காலத்துக்கென்று தனி டயர்கள் என எல்லாம் இரட்டிப்பாயின. வாடகையில் மிச்சம் பிடித்தது அவற்றில் ஒன்றுக்குக்கூடப் போதவில்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். இந்திய ஓட்டுநர் உரிமம் இங்கே வசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்கே செல்லும் என்பதைப் பலர் வந்த பிறகே அறிகிறார்கள். அதன்பின் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் எழுதித் தேற வேண்டும்.

பயணச் சீட்டு விஷயத்தில் புதிதாக வருவோருக்கு இப்போது நல்ல காலம். 2022 கோடையில் மூன்று மாதங்களுக்கு மட்டும் 9 யூரோ மாதச் சீட்டு ஒன்றை அரசு விட்டுப் பார்த்தது. அதன் வரவேற்பைக் கண்டு 2023 மே மாதம் 'ஜெர்மனி சீட்டு' வந்தது. மாதம் 49 யூரோ. நாடெங்கும் டிராம், நகரப் பேருந்து, சுரங்க ரயில், வட்டார ரயில் அனைத்திலும் ஏறலாம். அதிவிரைவு ரயில்களில் மட்டும் செல்லாது. விலை 2025 தொடக்கத்தில் 58 யூரோவாகவும், 2026இல் 63 யூரோவாகவும் ஏறிவிட்டது. அப்படியும் காருக்கு ஆகும் செலவோடு ஒப்பிடக்கூட முடியாது. இது சந்தா முறையில் இயங்குவதால், வேண்டாம் என்றால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் தெரிவித்தாக வேண்டும்; தவறினால் அடுத்த மாதத் தொகையும் கணக்கிலிருந்து போய்விடும். நிலையங்களில் தடுப்புக் கதவுகள் கிடையாது, நடத்துநர் கிடையாது. சாதாரண உடையில் பரிசோதகர் ஏறுவார். சீட்டில்லையேல் 60 யூரோ.

கடைகள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் மட்டும் சில திறந்திருக்கும். வாரச் சாமான்களைச் சனிக்கிழமை வாங்கிவிடும் பழக்கம் வராதவரை முதல் இரண்டு மூன்று ஞாயிறுகள் பட்டினி வைக்கும். சாமான் சுமக்க இரு சக்கரம் பொருத்திய இழுவைப் பை ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. ஜெர்மானியர் அதைக் கேலியாகக் 'குதிகால் போர்ஷே' என்று அழைக்கிறார்கள். போர்ஷே செய்யும் ஊரிலேயே நான் வைத்திருக்கும் ஒரே போர்ஷே அதுதான். பத்துக் கிலோ பொன்னி அரிசி மூட்டை அதில் தாராளமாக உட்காரும். டிராமின் தாழ்ந்த தளத்தில் தூக்காமலேயே ஏற்றிவிடலாம்.

ஒரே ஒரு நாள் கார் இன்றியமையாதது: குடிபுகும் நாள். இங்கே பல வாடகை வீடுகளில் சமையலறை என்பது வெறும் நான்கு சுவர்தான். அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும்கூட நாமே வாங்கி வைக்க வேண்டும். அதற்கு ஒரு வேனை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். உரிமம் உள்ள நண்பருக்கு அன்று மதிய உணவு நம் செலவு. பகிர்வுக் கார் நிறுவனங்களும் இந்நகரில் நன்றாக இயங்குகின்றன. பொதுச் சைக்கிள் வாடகையில் உலகின் பல நகரங்களுக்குப் பரவிய நெக்ஸ்ட்பைக் 2004இல் தொடங்கியதும் இதே லைப்சிக்கில்தான்.

உயிர் சம்பந்தப்பட்டது ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாட்டிலிருந்து வரும் நாம், சாலையைக் கடக்கும்போது முதலில் வலப்பக்கம் பார்க்கப் பழகியவர்கள். இங்கே வண்டிகள் வலப்பக்கமாக ஓடுகின்றன. முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். அறிவுக்கு இது ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். கழுத்துக்குப் புரிய மாதக்கணக்காகும். வரிக்குதிரைக் கோடுகளில் கார்கள் நமக்காக நிற்கும். ஆனால் அந்த விதி தண்டவாளத்தில் ஓடும் வாகனத்துக்குப் பொருந்தாது. டிராமுக்கு நாம்தான் வழிவிட வேண்டும். பல டன் எடையுள்ள அதனால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. சைக்கிளில் போகிறவர்கள் தண்டவாளத்தைக் குறுக்காக, கூடியவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும். இணையாகப் போனால் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிடும். மழை நாளில் இரும்பு வழுக்கும். சைக்கிளுக்கு முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊரில் அது சட்டத்துக்காக மட்டும் போட்டுக்கொள்ளும் விளக்கு அன்று. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நடைபாதையில்தான் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்பது விதி. பாதசாரிகளுக்கான சிக்னலில் தொப்பி அணிந்த சிறு மனிதன் ஒருவன் தோன்றுவான். 1961இல் கார்ல் பெக்லாவ் வடிவமைத்த கிழக்கு ஜெர்மன் உருவம் அது. எதிரில் ஒரு வண்டியும் இல்லாதபோதும் அவன் சிவப்பாக இருந்தால் நின்றுவிடுங்கள், குறிப்பாகக் குழந்தைகள் பக்கத்தில் நிற்கும்போது. இல்லாவிட்டால் யாராவது ஒரு பாட்டி பாடம் நடத்துவார்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். போக்குவரத்து ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நாளில் நகரமே நடக்கும். வட்டார ரயில் தாமதம் ஜெர்மானியரின் நிரந்தரப் பேச்சுப் பொருள். பனி இறுகிய நடைபாதையில் முதியோர் வழுக்கி விழுவது உண்டு. அதிகாலை நான்கு மணிக்கு நகர எல்லையிலுள்ள கிடங்கில் வேலை தொடங்குகிறவரிடம் 'டிராமில் போ' என்று நான் உபதேசிக்க மாட்டேன்.

உலகெங்கும் இது சாத்தியம் என்றும் சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆர்லிங்டன் என்றொரு நகரம். சுமார் 4 லட்சம் மக்கள் வாழும் அந்நகரில், குறித்த தடத்தில் குறித்த நேரத்துக்கு ஓடும் நகரப் பேருந்து கிடையாது. அழைத்தால் வரும் சிறு வேன் சேவைதான். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் படிக்க நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் போகிறார்கள். வீடு ஒருபுறம், கடை வேறொருபுறம், இரண்டுக்கும் நடுவே ஆறு தடச் சாலை என்று சட்டமே வகுத்துவிட்ட புறநகரில், கார் வாங்காமலிருப்பது உறுதிப்பாடு ஆகாது, அது சிறைவாசம். நியூயார்க்கில் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் கார் இல்லை என்பதும் அதே நாட்டின் உண்மைதான். ஆக, நாட்டைவிட நகரமும், நகரத்தைவிடத் தெருவும் முக்கியமாகின்றன.

சிறைவாசம் என்ற சொல்லை நான் அலங்காரத்துக்காகப் பயன்படுத்தவில்லை. ஒரு கார் உள்ள வீட்டில் அந்தக் கார் வேலைக்குப் போகிறவருடையது. கணவனைத் தொடர்ந்து சார்புநிலை விசாவில் வரும் பெண், பொறியியலோ மருத்துவமோ படித்திருந்தாலும், முதல் சில மாதங்களில் மொழி தெரியாமல், உரிமம் இல்லாமல் சன்னலருகே மாலை ஆறு மணிக்காகக் காத்திருக்கிறாள். டெக்சாஸில் ஒரு புறநகரில் இருக்கும் என் பள்ளித் தோழி, அங்கே சென்ற முதல் ஓராண்டில் தனியாக ஒரு கடைக்குக்கூடப் போனதில்லை என்று சொன்னாள். இங்கே என் மனைவி வந்த நான்காம் நாளே தனியாக மொழி வகுப்புக்குப் போய் வந்தாள். அவள் திறமைசாலி என்பது உண்மைதான். ஆனால் என் தோழி அவளைவிடத் திறமைசாலி.

பெற்றோர் வந்தபோது இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஓய்வு பெற்றதும் நெய்வேலியில் நிறுவனக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். அப்படிக் காலி செய்தவர்கள் சென்னைப் புறநகரில் ஒரு மனைப்பிரிவில் வீடு கட்டிக்கொண்டார்கள். விளம்பரத்தில் 'பேருந்து நிலையம் அருகில்' என்றிருந்தது. பேருந்து நிற்கும் இடம் இரண்டரை கிலோமீட்டர். நடைபாதை என்பது கழிவுநீர்க் கால்வாயின் மூடிக்கல், அதுவும் விட்டு விட்டு. முப்பது ஆண்டுகள் பள்ளிக்கு நடந்தே போன அம்மா, காய்கறி வாங்க அப்பாவின் ஸ்கூட்டரை எதிர்பார்க்கத் தொடங்கினார். அப்பாவின் பார்வை மங்கியதும் ஸ்கூட்டரும் நின்றது. 2021 மே முதல் தமிழகத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாம். இந்தியாவில் அண்மைக் காலத்தில் வந்த நல்ல திட்டங்களுள் ஒன்று என்று அதை நான் மதிக்கிறேன். ஆனால் அம்மாவுக்கு அந்த இலவசம் இரண்டரை கிலோமீட்டர் தள்ளியல்லவா நிற்கிறது!

லைப்சிக்கில் மூன்று மாதம் தங்கினார்கள். முதல் வாரம் நான் கூடப் போனேன். டிராமுக்கு ஓர் எண், நெற்றியில் கடைசி நிறுத்தத்தின் பெயர். இவ்வளவுதான் தெரிய வேண்டியது. "பிளாக் நம்பர் மாதிரிதானே?" என்றார் அம்மா. இரண்டாம் வாரத்திலிருந்து அவரே அப்பாவை அழைத்துக்கொண்டு கிளம்பினார். ஜெர்மன் சொல் ஒன்றும் தெரியாமல், ஆங்கிலமும் அதிகம் பேசாமல், எழுபதை நெருங்கும் இருவர் நகரத்தின் தெற்கே பழைய சுரங்கக் குழிகளில் நீர் நிரப்பி உருவாக்கிய ஏரிகள் வரை போய் வந்தார்கள். அந்தப் பக்கம் சுரங்கத் தொழில்நுட்பப் பூங்கா ஒன்றில் நிலக்கரி வெட்டும் ராட்சத இயந்திரம் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நெய்வேலிக்கு அத்தகைய இயந்திரங்கள் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியிலிருந்துதான் வந்தன. அப்பா அதன் வாளிகளை ஒவ்வொன்றாக எண்ணி, அதன் அடியில் நின்று வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

ஊர் திரும்பிய பின் அந்தப் புறநகர் வீட்டை விற்றுவிடுவதென்று முடிவு செய்திருக்கிறார்கள். கடலூரில் வாடகைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தரகர்கள் வாஸ்துவையும் தண்ணீரையும் பற்றிச் சொல்லத் தொடங்கும்போது அம்மா இடைமறித்து, பேருந்து நிறுத்தம் எத்தனை நிமிட நடை என்று கேட்கிறாராம். இதுவரை பார்த்த ஐந்து வீடுகளுக்கும் தரகர்கள் சொன்ன பதில் ஒன்றே: "ஆட்டோ கூப்பிட்டால் வரும், அம்மா." ஆறாவது வீடு இந்த வாரம்.